விக்னராஜா சமைத்த சூப்

சிட்னி ரூங்காபியில் விக்னராஜாவின் வீட்டில் இரண்டு பிரிட்ஜ் இருந்தது. குசினியில் நின்றது சைவம். கராஜில், புல்லு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது மச்சம். மீன், கோழி, முட்டை, மருமகன் சுகிர்தனின் கிம்ச்சிப் போத்தல் எல்லாம் கராஜில்தான் குடியிருந்தன. மாட்டிறைச்சிக்கு இரண்டிலும் இடமில்லை. அந்தச் சொல்லையே விக்னராஜா வாயால் எடுக்க மாட்டார். 'அது' என்பார். தேர்தல் நாட்களில் பள்ளிக்கூட வாசலில் சொசேஜ் சுட்டுப் பாணுக்குள் வைத்து விற்பார்கள் அல்லவா, அங்கே போயும் வெறும் பாணும் பொரித்த வெங்காயமும் கேட்டு வாங்குகிற மனுஷன் அவர். அந்த வெங்காயமும் அதே தட்டில்தான் பொரிகிறது என்று மகள் மிருணாளினி ஒருநாள் விளங்கப்படுத்தினாள். அதோடு வெங்காயத்தையும் விட்டுவிட்டார். இப்போது வெறும் பாணைக் கடித்தபடி வோட்டுப் போட்டுவிட்டு வருகிறார்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போனபின் முழு நேரமும் கோயில் நிர்வாக சபைதான். மருமகனில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சுவாமி தூக்க ஆள் காணாது என்றால் முதலில் வந்து தோள் கொடுப்பவன் சுகிர்தன். அதிர்ந்து பேச மாட்டான். ஒரே கரைச்சல் அந்தக் கிம்ச்சி, கொரியரின் கோவா ஊறுகாய். மூடியைத் திறந்தால் பின்வீட்டு லெபனான்காரர் யன்னலைச் சாத்துவார். "யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு இந்த நாத்தம் எங்க இருந்து பிடிச்சது?" என்று மகளிடம் முணுமுணுப்பார். எங்கே இருந்து பிடித்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லிக் காட்டுவதில் ஒரு சுகம், அவ்வளவுதான்.

பூசானிலிருந்து பிடித்தது. சண்டை முடிந்து சில வருஷங்களில், வயிற்றுப்பாட்டுக்காகக் கொரிய மொழிப் பரீட்சை எழுதி, வேலை விசாவில் அந்தத் துறைமுக நகரத்துக்குப் போனவன் சுகிர்தன். பூசான் ஸ்டேஷனுக்கு எதிர்த்தெருவில் நின்றால், சீனக் கடைக்குப் பக்கத்தில் ரஷ்ய எழுத்தில் ஒரு பலகை தொங்கும். அதற்குப் பக்கத்தில் உஸ்பெக் ரொட்டிக்கடை. பிலிப்பைன்ஸ் மாலுமிகள் தெருவோரம் நின்று வீட்டுக்கு வீடியோவில் கதைப்பார்கள். சனம் எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லாருமே வேறு ஊர். சுகிர்தனுக்கு வேலை கம்ச்சொன் துறைமுகத்தில், ரஷ்யக் கப்பல்களிலிருந்து உறைந்த மீன் இறக்கி அடுக்கும் குளிரறையில். அவனோடு வியட்நாம்காரர், நேபாளத்தார், உஸ்பெக்குகள், இந்தோனேசியர் எல்லாரும் வேலை செய்தார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைக் கொரிய மொழி ஒன்றுதான்.

அங்கேதான் இமோ இருந்தார். இமோ என்றால் கொரிய மொழியில் சின்னம்மா. கன்ரீனில் சமைக்கிற பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த இமோ குள்ளமான உருவம், சுருட்டிவிட்ட தலைமயிர், குரல் மட்டும் கப்பல் ஹோர்ன். மரியாதைப் பேச்சு அவருக்கு வராது. எல்லாரும் 'டேய்'தான்.

வந்த புதிதில் சுகிர்தன் வெறும் சோறும் தண்ணீரும்தான் சாப்பிட்டான். எந்தச் சூப்பைத் திறந்தாலும் மாட்டெலும்பு. பசி தாங்க முடியாமல் ஒருநாள் இமோவிடம் போய், இரண்டு விரலையும் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். மாடு எங்களுக்குச் சாமி மாதிரி, தின்ன மாட்டோம் என்பது அவன் சொன்ன விஷயம். இமோவுக்கு விளங்கியது வேறு. பாவம் இந்தப் பிள்ளை, மாட்டிறைச்சிக்கு ஏங்கிப்போய்க் கும்பிட்டுக் கெஞ்சுகிறான் என்று நினைத்துவிட்டார். அடுத்த நாள் மற்றவர்களுக்கெல்லாம் மீன் பொரியல். சுகிர்தனுக்கு மட்டும் கோப்பை நிறைய மாட்டிறைச்சி, குவித்து, மேலே ஒரு முட்டையும் வைத்து, கண்ணடித்துக்கொண்டு கொண்டுவந்து வைத்தார்.

அவன் அந்தக் கோப்பைக்கு முன்னால் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தான். இமோ பக்கத்தில் நின்று 'தின், தின்' என்று முதுகில் தட்டினார். கடைசியில் பழைய ஆளான நேபாளத்துக்காரன் ஒருவன் வயிறு நோகச் சிரித்து முடித்துவிட்டு விஷயத்தை விளங்கப்படுத்தினான். இமோ தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மீன் இருந்தது.

அன்றிலிருந்து அடுப்பில் பானைகள் பெருகின. கொரியருக்கும் வியட்நாம்காரருக்கும் எல்லாம் போட்ட பெரிய பானை. உஸ்பெக்குகளுக்கும் இந்தோனேசியருக்கும் பன்றி இல்லாத பானை. நேபாளத்தாருக்கும் சுகிர்தனுக்கும் மாடு இல்லாத பானை. வெள்ளிக்கிழமைகளில் சுகிர்தன் மீனும் தொடுவதில்லை என்று கண்டுபிடித்த பிறகு, அவன் ஒருவனுக்காகத் தோஃபு, அதாவது சோயாக் கட்டி, போட்ட ஒரு சின்னப் பானை. முதலாளி அவரிடம் இதையெல்லாம் செய்யச் சொல்லவில்லை. சம்பளமும் கூட்டிக் கொடுக்கவில்லை. யார் எதைத் தின்ன மாட்டான் என்பது முழுக்க அந்தச் சுருட்டை மயிர்த் தலைக்குள் இருந்தது. அந்தக் கன்ரீனில் ஒருநாளும் ஒரு கோப்பைகூட ஆள் மாறிப் போனதில்லை.

ஒரு வருஷம் அவனுடைய பிறந்தநாளைச் சுப்பவைசர் சொல்லித் தெரிந்துகொண்டு, கடற்பாசியும் மட்டியும் போட்டு ஒரு சூப் வைத்துக் கொடுத்தார். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கிற சூப் அது. பிறந்தநாளில் பிள்ளையும் அதைக் குடிக்க வேண்டும், தன்னைப் பெற அம்மா பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு. அதுதான் அங்கத்தைய வழக்கம். சுகிர்தனின் அம்மா கடைசிச் சண்டையில் போய்விட்டார். எரிக்கவும் கிடைக்கவில்லை, திவசத்துக்குச் சரியான திதியும் தெரியாது. அந்தச் சூப்பைக் குடித்துக்கொண்டே அவன் அழுதான். இமோ இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இவ்வளவுக்கும் அவன் அவருக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்கு அது வராது. வீட்டில் சோறு போட்டவருக்கு 'நன்றி' என்றால், இவனுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். விசா முடிந்து புறப்பட்ட காலையும் அப்படித்தான் போனது. இமோ ஒரு சாப்பாட்டுப் பொதியைக் கையில் திணித்து, 'பஸ்ஸை விடப்போறாய், ஓடடா' என்று கத்தினார். அவன் ஓடினான். பிறகு கல்யாணம், சிட்னி, இங்கேயும் ஒரு குளிரறையில் வேலை. கம்ச்சொன் கொம்பனியை மூடிவிட்டார்கள் என்று கேள்வி. இமோவை எங்கே தேடுவது?

தேட வேண்டியிருக்கவில்லை. ஈஸ்ட்வுட்டில் ஒரு கொரியக் கடையில் நெத்தலி எங்கே இருக்கிறது என்று சுகிர்தன் கேட்டபோது, பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "நீங்கள் கதைக்கிறது அப்படியே எங்கட அம்மா மாதிரி இருக்கு. பூசானில மீன்காரர்தான் இப்பிடிக் கதைப்பினம். ஆர் சொல்லித் தந்தது?" என்று கொரிய மொழியில் கேட்டார். சுகிர்தன் கம்ச்சொன் என்றான், கன்ரீன் என்றான், நாலு பானை என்றான். அந்த மனிதர் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் பெயர் மின்சு. எலெக்ட்ரீஷியன். இமோவின் ஒரே மகன். படிக்க வந்து சிட்னியிலேயே தங்கிவிட்டவர். அப்பா இறந்த பிறகு அம்மாவை லிட்கமில் தன் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார். சுகிர்தன் அந்த இடத்திலேயே, இப்போதே வருகிறேன் என்றான். மின்சு குனிந்து கூடையைத் திரும்ப எடுத்தார்.

"அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கிட்டுது," என்றார். "சில நாள் என்னையே தன்ர தம்பி எண்டு நினைக்கிறா. உங்களைத் தெரியுமோ எண்டு என்னால சொல்லேலாது. தெரியாட்டி மனம் நோகாதேங்கோ."

சுகிர்தனுக்கு அன்று கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததே நினைவில்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சொல், இப்போது சொல்லலாம் என்று வரும்போது, கேட்க வேண்டியவருக்குச் சொல்கிறவன் யாரென்று தெரியாமல் போய்விடுமோ? யாரோ ஒரு கறுத்த பொடியன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான் என்று போய்விடுமோ? நன்றி சொல்லிவிட்டேன் என்று பிறகு நான் மனதைத் தேற்றிக்கொள்ள முடியுமா? அவனுக்கு அது மட்டும்தான் வேண்டும். ஒரேயொரு தரம், அவர் தன்னை அடையாளம் கண்டிருக்கிற நேரத்தில், அதைச் சொல்லிவிட வேண்டும்.

மின்சுவுக்கு ஓய்வு வெள்ளிக்கிழமைகளில். அடுத்த வெள்ளி சுகிர்தனின் பிறந்தநாளாகவும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டான். அன்று காலை மின்சுவிடமிருந்து போன் வந்தது. சுகிர்தனுக்குப் பிறந்தநாள் என்று சொன்னதும் அம்மா துள்ளி எழும்பி, கடைக்கு அனுப்பி, தானே நின்று சூப் வைக்கிறா என்றார். சுகிர்தனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"மிருணா, அவவுக்கு நினைவிருக்கு. பிறந்தநாள் எண்டதும் சூப் வைக்கிறா," என்று குசினிக்கும் ஹோலுக்கும் நடந்தான்.

விக்னராஜா பேப்பரை மடித்தார். "என்ன சூப் தம்பி?"

"கடற்பாசி சூப் மாமா. சிலநேரம் மட்டி போட்டிருப்பா."

"வெள்ளிக்கிழமை."

"தெரியும் மாமா. அவவுக்கும் தெரியும். அப்பிடிப் போட்டிருந்தா, நான் பாசியை மட்டும் சாப்பிடுறன்."

விக்னராஜா யோசித்தார். கோயில் சபையில் பெரிய பெரிய சண்டைகளைச் சமாளித்த அனுபவம் இருந்தது. "வெளியில வெயில் நல்லா இருக்கு. பின்வளவில மேசையைப் போடுவம். பானை குசினிக்குள்ள வரத் தேவையில்லை," என்று தீர்ப்பு வழங்கினார். மிருணாளினி சிரிப்பை அடக்கிக்கொண்டு கதிரைகளைத் தூக்கினாள்.

அவள் அன்று லீவு போட்டுவிட்டுச் சமைத்திருந்தாள். பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய், அப்பளம், பாயசம். மின்சுவின் வான் வந்து நின்றபோது சுகிர்தன் கேற்றடிக்கு ஓடினான்.

இமோ இறங்கினார். மெலிந்திருந்தார். சுருட்டை மயிர் முழுக்க வெள்ளை. வெயிலுக்கு அகலத் தொப்பி. சுகிர்தனைப் பார்த்தார். பிறகு இடுப்பை வளைத்து வணங்கி, மிக மரியாதையான கொரிய மொழியில், 'வணக்கம் ஐயா, அழைத்ததற்கு மகிழ்ச்சி' என்று சொன்னார்.

'டேய்' என்று கூப்பிட்ட வாயால் 'ஐயா' என்று கேட்க வேண்டி வந்ததே என்று சுகிர்தன் நினைத்தான். பதிலுக்கு வணங்கினான். வேறு என்ன செய்வான்? மின்சு அவன் முகத்தைப் பார்க்காமல் பானையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார்.

எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். இமோ அப்பளத்தை எடுத்துப் பார்த்து, உடைத்து, சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். மிருணாளினியின் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்து, நல்லாயிருக்கு என்று தலையாட்டினார். விக்னராஜாவுக்கும் ஒரு வணக்கம் வைத்தார். எல்லாரிடமும் ஒரே மரியாதை, ஒரே தூரம். பிறகு பானையின் மூடியைத் திறந்து, முதல் கோப்பையை நிரப்பிச் சுகிர்தனுக்கு முன்னால் இரண்டு கையாலும் வைத்தார்.

நல்லெண்ணெய் வாசம் வந்தது. அதன் பின்னால் இன்னொரு வாசமும் வந்தது. சுகிர்தன் கரண்டியால் கிளறினான். பாசிக்குக் கீழே மட்டி இல்லை.

"என்ன இறைச்சி இது?" என்று மிருணாளினி மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பீஃப்," என்றார் மின்சு, பெருமையாக. "ஈஸ்ட்வுட் போய் நல்லதாப் பாத்து வாங்கினனான். அம்மாதான் வேணும் எண்டு சொன்னவ." பிறகு மூன்று முகங்களையும் பார்த்தார். ஏதோ பிழைத்துவிட்டது என்று அவருக்கு விளங்கியது, என்ன பிழை என்றுதான் விளங்கவில்லை. பாவம், அவர் ஒருநாளும் அம்மாவின் கன்ரீனில் சாப்பிட்டதில்லை.

விக்னராஜா கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். 'அது' அவருடைய மேசைக்கு வந்துவிட்டது, அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் பித்தளை விளக்கு எரிகிற வீட்டின் பின்வளவுக்கு.

சுகிர்தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் தெளிவாகிவிட்டது. அந்தத் தலைக்குள் இருந்த பானைகள் போய்விட்டன. மாடு இல்லாத பானை போய்விட்டது, வெள்ளிக்கிழமைப் பானையும் போய்விட்டது, அவனும் அவற்றோடு போய்விட்டான். பிறந்தநாள் என்றால் சூப் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. நான் பிந்திவிட்டேன் என்று நினைத்தான்.

"தம்பி," என்றார் விக்னராஜா. "நாகரிகமாச் சொல்லி எடுத்து வைக்கலாம். நான் அந்தத் தம்பியிட்டச் சொல்லுறன்."

"வேண்டாம் மாமா."

"இஞ்சாருங்கோ," என்றாள் மிருணாளினி.

"ஒண்டும் சொல்லாதையும் மிருணா." அவன் கரண்டியைக் கையில் எடுத்தான். "வன்னியில பட்டினி கிடக்கேக்கையும் நான் இதைத் தொடேல்லை. எனக்குத் தெரியும் நான் என்ன செய்யிறன் எண்டு. மனுசி நோயோட காலமையில இருந்து அடுப்படியில நிண்டு எனக்கெண்டு வச்சுக்கொண்டு வந்திருக்கு. இதை வேண்டாம் எண்டு சொல்ல என்னால ஏலாது."

விக்னராஜாவுக்குக் கோபம் வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சுகிர்தன் ஒரு கரண்டி மொண்டான். சமைத்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தங்கள் கோப்பையில் கைவைக்க மாட்டார்கள், முதல் வாய் வைக்கிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இமோ அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி மேலே வந்தது. அவருடைய கண் கரண்டியோடு சேர்ந்து மேலே வந்தது. கரண்டியைப் பார்த்தார், அதிலிருந்த இறைச்சித் துண்டைப் பார்த்தார், அவன் வாயைப் பார்த்தார்.

அடுத்த கணம் ஓர் அடி விழுந்தது. கரண்டி பறந்துபோய் அப்பளத்துக்குள் விழுந்தது. சூப் மேசைவிரிப்பெல்லாம் சிந்தியது.

"டேய் சுகி," என்று கப்பல் ஹோர்ன் அடித்தது. "விசரே உனக்கு? அது மாடடா."

பின்வீட்டு லெபனான்காரர் யன்னலைத் திறந்தார்.

இமோ எழும்பி நின்றார். முகம் சிவந்துவிட்டது. கோப்பையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தார். மின்சு, அம்மா சொல்வதை ஆங்கிலத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். "இந்தப் பிள்ளை மாடு தின்னாது எண்டு தெரியாதோ? ஆர் இந்தச் சூப்பை வச்சது? பிறந்தநாளும் அதுவுமா இந்தப் பிள்ளைக்கு இதைக் குடுக்க ஆருக்கு மனம் வந்தது?"

மின்சு தலையைக் குனிந்துகொண்டார். சுகிர்தனுக்குக் கண்ணீர் கொட்டியது. தன்னைத் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவன் அழுதுகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நடப்பதைக் கவனித்தான். இமோவின் கண் பானைக்குப் போயிருந்தது. அவருடைய வீட்டுப் பானை. அவருடைய கரண்டி. பிறகு தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். மெல்ல அந்தக் கைகளை மூக்கடிக்குக் கொண்டுபோனார். குரல் இறங்கிவிட்டது. ஏதோ கேட்டார்.

மின்சு அதை மொழிபெயர்க்கவில்லை. சுகிர்தனுக்கு விளங்கியது. "நானே?" என்று கேட்டிருந்தார்.

இல்லை என்று சொல்ல சுகிர்தன் வாயெடுத்தான். பொய் வரவில்லை. மகனும் சொல்லவில்லை. அந்த முகம் ஒவ்வொரு கணமும் உடைந்துகொண்டிருந்தது.

அப்போது மேசையின் அந்தப் பக்கத்தில் ஒரு கதிரை உரசிச் சத்தம் போட்டது. விக்னராஜா எழும்பி நின்றார். வேட்டியைச் சரிபண்ணினார். நெற்றியில் வெள்ளிக்கிழமைத் திருநீறு மூன்று குறியாகப் பளிச்சென்று இருந்தது. தன் நெஞ்சில் கையை வைத்து, எல்லாருக்கும் விளங்குகிற ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மீ. ஐ குக். பீஃப் சூப். மை மிஸ்ரேக்."

"அப்பா," என்றாள் மிருணாளினி.

"நீர் சும்மா இரும்," என்றார் அவர், மகளைப் பார்க்காமல். பிறகு மின்சுவிடம் திரும்பி ஆங்கிலத்தில் தொடர்ந்தார். "மின்சு தம்பி, அம்மாவிட்டச் சொல்லும். நான் சமைச்சது. வயசு போட்டுது. தெரியாமல் போட்டிட்டன்."

மின்சு அவரைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பிச் சொன்னார்.

இமோவின் கைகள் கீழே இறங்கின. முகம் திரும்ப ஒன்றுசேர்ந்தது. சந்தேகம் போய், அதன் இடத்தில் நல்ல சுத்தமான கோபம் வந்து குந்திக்கொண்டது. மேசையைச் சுற்றிவந்து, விக்னராஜாவின் மார்பளவுக்கு நின்று, அண்ணாந்து பார்த்துத் திட்டத் தொடங்கினார். அதைத் தமிழில் முழுக்க எழுத முடியாது. தலைமயிர் நரைத்தால் போதுமா, மூளை வேண்டாமா என்பது அதில் மிகவும் மரியாதையான பகுதி. பக்தர்கள் முன்னால் ஒலிவாங்கி பிடித்துப் பழகிய விக்னராஜா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்று, "ஓம் அம்மா. ஓம் அம்மா. பிழைதான்," என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

திட்டி முடித்ததும் இமோ சுகிர்தனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "குசினி எங்க? இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, இமோ."

"அப்ப தோஃபு."

சைவ பிரிட்ஜில் தோஃபு இருந்தது. கராஜிலிருந்து காய்ந்த கடற்பாசிப் பொதியொன்றைச் சுகிர்தன் எடுத்துவந்தான். இமோ விக்னராஜாவின் குசினியில், மறைந்த மாமியின் சட்டியை எடுத்துக் கழுவி, அடுப்பில் வைத்தார். விக்னராஜா வாசலில் நின்று, உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கையால் காட்டினார். ஒரு அதட்டல் வந்தது. வெளியே போனார்.

குசினியில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சுகிர்தன் சொன்னான். இந்த நேரத்தை விட்டால் திரும்ப வராமல் போகலாம் என்று அவனுக்குத் தெரியும்.

"இமோ, நான் பூசானில சொல்லேல்லை. நீங்கள் எனக்குச் சோறு போட்டீங்கள். எனக்கெண்டு தனியாப் பானை வச்சீங்கள். ஒரு நாடும் தெரியாமல், ஒரு பாஷையும் தெரியாமல் வந்து நிண்டவனை, உன்ர சாமி என்ன, உன்ர வெள்ளிக்கிழமை என்ன எண்டு பாத்துப் பாத்துச் சமைச்சீங்கள். என்ர அம்மாவை நினைச்சு அழ எனக்கு ஒரு இடம் தந்தீங்கள். நன்றி இமோ. எவ்வளவு நன்றி எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

இமோ அடுப்பைக் குறைத்தார். திரும்பி அவனைப் பார்த்தார். ஈரக் கையால் அவன் கன்னத்தைத் துடைத்தார்.

"மெலிஞ்சு போனாய்," என்றார். "நிண்டு புலம்பாமல் உள்ளியை உரி."

அவன் உரித்தான். அந்த உள்ளியை உரித்த மாதிரி ஒரு வேலையை அவன் வாழ்க்கையில் சந்தோஷமாகச் செய்ததில்லை.

எல்லாரும் சூப் குடித்தார்கள். விக்னராஜா முதலில் கோப்பையை முகர்ந்து பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தார், பிறகு இன்னொரு கோப்பை கேட்டார். உப்புக் கொஞ்சம் குறைவு என்று மகளிடம் மட்டும் சொன்னார். மற்றப் பானையை மின்சு சத்தம் போடாமல் வானுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, விக்னராஜாவின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

பாயசம் குடிக்கும்போதே இமோவுக்குக் களைப்பு வந்துவிட்டது. பார்வை மறுபடியும் எங்கோ போனது. வெளிக்கிடும்போது மகனிடம், நல்ல சனம், இது யாருடைய வீடு என்று கேட்டது சுகிர்தனுக்குக் கேட்டது. அவனிடம் வந்து, இடுப்பை வளைத்து, "சாப்பாட்டுக்கு மிக்க நன்றி, ஐயா," என்றார். நோகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் வாய்விட்டுச் சிரித்தபடியே பதிலுக்கு வணங்கினான். சொல்ல வேண்டியதை அவரிடம்தான் சொல்லியிருந்தான். அதை இனி யாரும் எடுக்க முடியாது.

வான் பின்னுக்கு எடுத்து வீதியில் திரும்பியது. கேற்றடியில் விக்னராஜா நின்று கையசைத்தார். வான் சட்டென்று நின்றது. கண்ணாடி இறங்கியது. இமோ தலையை வெளியே நீட்டி, அவரை மேலும் கீழும் பார்த்து, விரலை ஆட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார்.

"என்னவாம் தம்பி?" என்றார் விக்னராஜா.

சுகிர்தன் மொழிபெயர்த்தான். "உங்களை ஞாபகமிருக்காம் மாமா. நீங்கள்தானாம் தன்ர பிள்ளைக்கு மாடு குடுத்த ஆள். இனி இந்த வீட்டில அப்பிடிச் செய்யமாட்டன் எண்டு இப்பவே சத்தியம் பண்ணட்டாம்."

பிறந்த நாளிலிருந்து அதைக் கையாலும் தொடாத விக்னராஜா, நடுவீதிக்கு இறங்கிப்போய், தலையில் கைவைத்து, இனிச் செய்யமாட்டேன் அம்மா என்று சத்தியம் பண்ணினார்.